தேனீக்கு இடம் தந்த சுவர்: புழங்குபொருள் ஆய்வில் ஒரு புறக்கணிப்பை முன்வைத்து

முன்னுரை

தேனைப் பற்றித் தமிழ்க் கருத்தரங்குகளில் படிக்கப்பெறும் கட்டுரைகள் பலவும் இரண்டு முடிவுகளுள் ஒன்றில் வந்து நிற்பதைக் கேட்டுவருகிறோம். தமிழர் தேனை எடுத்தனரேயன்றித் தேனீயை வளர்த்தாரல்லர்; வளர்ப்பு என்பது இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டார் கொணர்ந்த கொடை என்பது ஒன்று. சங்க காலத்திலேயே தமிழர் தேனீ வளர்ப்பில் தலைசிறந்து விளங்கினர் என்பது மற்றொன்று. முன்னது தன்னைக் குறைத்துக்கொள்ளும் மனப்பான்மையின் விளைவு. பின்னது தன்னை மிகைப்படுத்திக்கொள்ளும் மனப்பான்மையின் விளைவு. நோக்கில் மாறுபட்டனவாயினும் இரண்டும் ஒரு பிழையில் ஒன்றுபடுகின்றன. இவ்விரு தரப்பாரும் நூலைத் திறந்தனர். எந்த வீட்டின் பின்கட்டையும் சென்று பார்த்தாரல்லர்.

தேனீக்கென மனிதர் அமைத்த மாடம், சுவர்க்குழி, பானை, கொட்டகை ஆகியவற்றைப் புழங்குபொருள் பண்பாட்டின் ஒரு கூறாகக் கொண்டு, அவற்றைத் தமிழியல் ஆய்வு ஏன் கண்டுகொள்ளவில்லை என்று இக்கட்டுரை வினவுகிறது. இவ்வினாவைக் கோலார் தங்கவயலிலிருந்து எழுப்புகிறேன். அதற்கான காரணம் பின்னர் விளங்கும்.

சங்கச் சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

முதலில் மிகைப்படுத்துவோர் தரப்பை நோக்கலாம். சங்க இலக்கியத்தில் தேன் மிகுதியாகப் பேசப்படுகிறது என்பதில் ஐயமில்லை. தேனைக் குறிக்க நறவு, பிரசம், தேறல், மட்டு எனவும், அதன் அடையைக் குறிக்க இறால் எனவும், மலர் நாடும் சிற்றுயிர்களைக் குறிக்கத் தும்பி, சுரும்பு, ஞிமிறு, வண்டு எனவும் சொற்கள் பெருகிக் கிடக்கின்றன. ஆயினும் சொல்வளம் தொழில்வளத்திற்குச் சான்றாகிவிடாது. தேன் எவ்வாறு பெறப்பட்டது என்று பாடல்களைக் கேட்டால் அவை தெளிவாகவே விடை கூறுகின்றன. மலையுச்சித் தேனடையைக் கண்டு உள்ளங்கையைக் குவித்து நக்கி மகிழும் முடவனைக் குறுந்தொகையின் 60 ஆம் பாடல் உவமையாக்குகிறது. அடை உயரத்தில் இருந்தது. ஏறவியலாதவனுக்கு அது கிட்டாது என்பது அவ்வுவமையின் அடிப்படை. தேன் எடுக்க மலைச்சரிவில் நிறுத்திய மூங்கில் ஏணிக்கு 'மால்பு' என்று தனிப்பெயரே இருந்தது. புறநானூற்றின் 105 ஆம் பாடலிலும், குறுந்தொகையின் 273 ஆம் பாடலிலும், மலைபடுகடாத்திலும் அச்சொல் பயில்கிறது. பாரியின் பறம்புமலை உழவர் உழாமலே தரும் நான்கு பயன்களைக் கபிலர் புறநானூற்றின் 109 ஆம் பாடலில் எண்ணும்போது நான்காவதாகத் தேனைக் கூறுகிறார். உழாத பயன் என்று புலவரே வகுத்துவிட்ட ஒன்றை வளர்ப்புத் தொழிலாக்கிக் காட்டுவது அப்பாடலுக்கு நாம் செய்யும் நன்றியன்று.

பிற்கால இலக்கணமும் இதனையே உறுதிசெய்கிறது. கருப்பொருள்களை விரித்துரைக்கும் நம்பியகப்பொருள், குறிஞ்சி நிலத் தொழில்களுள் ஒன்றாகத் தேன் அழித்தலைச் சுட்டுகிறது. இன்றும் நாட்டுப்புறத்தில் தேன் எடுப்பதைத் 'தேன் அழிப்பது' என்று கூறும் வழக்கு உண்டு. அடையை அழித்தே தேனைப் பெற்ற நீண்ட காலத்தின் சுவடு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. ஆகவே சங்கத் தமிழர் தேனீ வளர்த்தனர் என்பதற்கு அவர்தம் இலக்கியத்தில் நேரடிச் சான்று இல்லை. இல்லாததை உண்டென்று எழுதுவதால் மொழிக்குப் பெருமை சேராது. நம் ஆய்வின் நம்பகத்தன்மையே குறையும்.

இவ்வளவில் மற்றொரு தரப்பார் வெற்றி பெற்றுவிட்டதாகக் கருதலாகாது. அவர்கள் ஒரு வினாவை எழுப்பவே இல்லை. பாடல்கள் பேசும் தேன் எந்தத் தேனீயின் தேன் என்பதே அவ்வினா. தமிழகத்தில் இயற்கையாகவே வாழும் தேனீக்களுள் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ எனப்படும் இந்தியத் தேனீ, கொடுக்கால் கொட்டாத கொசுத்தேனீ ஆகியவை குறிப்பிடத்தக்கவை. மலைத்தேனீ பாறைச் சரிவிலும் உயர்ந்த மரக்கிளையிலும் வெட்டவெளியில் ஒரே பேரடை கட்டும். அதனைப் பெட்டியிலோ பானையிலோ அடைத்து வளர்க்க இயலாது. கொம்புத்தேனீயும் வெளியிலேயே சிறு கிளையில் ஒற்றை அடை கட்டும். இந்தியத் தேனீயும் கொசுத்தேனீயுமே மரப்பொந்து, சுவர்ப்பிளவு போன்ற இருண்ட உட்குழிவுகளில் கூடு அமைப்பவை; ஆதலால் மனிதர் தரும் இடத்தை ஏற்றுக்கொள்பவை. குறிஞ்சிப் பாடல்கள் மலையுச்சியில் காட்டும் பேரடை மலைத்தேனீயினுடையது என்றே கொள்ள வேண்டும். வளர்க்கவே முடியாத தேனீயைப் பற்றிய பாடலில் வளர்ப்பு பேசப்படவில்லை என்பதைக் கொண்டு, வளர்க்கத்தக்க தேனீக்கும் வீட்டுக்கும் இடையே உறவே இல்லை என்று முடிவு செய்வது எவ்வகை அளவை? மலைச்சரிவின் தேனைப் பாடிய புலவர் வீட்டுச் சுவரின் தேனைப் பாடாது விட்டிருக்கலாம். அத்தகைய தேன் அவர் காலத்தில் இல்லாமலும் இருந்திருக்கலாம். இவற்றுள் எது உண்மை என்பதை அப்பாடல்களைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. இலக்கியத்தின் மௌனத்தை வரலாற்றின் தீர்ப்பாக்குவது நம் துறையின் பழைய நோய்களுள் ஒன்று.

பிறநாட்டார் செய்த பதிவுகள்

தேனீக்கு இடம் அமைத்தல் மனித நாகரிகத்தின் மிகப் பழைய செயல்களுள் ஒன்று. எகிப்தில் நியுசெர்ரே மன்னனின் சூரியக் கோயிலில் ஏறத்தாழ கி.மு. 2400 ஐச் சேர்ந்த புடைப்புச் சிற்பம் உருளைக் கூடுகளிலிருந்து தேன் எடுப்பதைக் காட்டுகிறது. இசுரேல் நாட்டின் தெல் ரெகோவில் 2007 இல் அகழாய்வாளர் ஒரு தேனீப் பண்ணையையே கண்டெடுத்தனர். கி.மு. பத்தாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளுக்கு உரியதாகக் கணிக்கப்பட்ட அங்கு, சுடாத களிமண்ணும் வைக்கோலும் கலந்து செய்த ஏறத்தாழ முப்பது உருளைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வோர் உருளைக்கும் ஒருபுறம் தேனீ புகுந்து வரச் சிறு துளை. மறுபுறம் மனிதர் திறந்து தேன் எடுக்க ஒரு மூடி.

இதே அமைப்பை நம் நாட்டிலும் காணலாம். 1820 களில் காசுமீரத்திற்குச் சென்ற வில்லியம் மூர்கிராப்டு, அங்குள்ள குடியானவர் வீடு கட்டும்போதே சுவரில் தேனீக்கென இடம் விடுவதை வியந்து எழுதியுள்ளார். சுவரின் ஊடே களிமண் பூசிய உருளைக் குழி. வெளிப்புறத்தில் சிறு துளை. உட்புறத்தில் வட்டமான ஓடு. வீட்டார் உள்ளிருந்தே ஓட்டை அகற்றி, வைக்கோற் புகையால் தேனீக்களை வெளிப்பக்கம் ஒதுக்கி, அடையின் ஒரு பகுதியை அறுத்துக்கொண்டு ஓட்டை மீண்டும் பொருத்திவிடுவர். தேனீ கொல்லப்படுவதில்லை, ஆண்டுதோறும் அதே குடி அதே சுவரில் வாழும். குமாவுன், கார்வால் மலைகளிலும் இவ்வகைச் சுவர்க்கூடு உண்டு. அதனை அங்கு 'ஜாலா' என்பர்.

பிரித்தானியத் தீவுகளில் வைக்கோற் கூடைகளில் தேனீ வளர்த்த காலத்தில், அக்கூடைகளை மழையிலிருந்தும் குளிர்காற்றிலிருந்தும் காக்கத் தோட்டச் சுவர்களில் மாடங்கள் அமைத்தனர். சில இடங்களில் கூடைகளை வரிசையாக வைக்கத் தனிச் சிறுகட்டடமே எழுப்பினர். அவற்றுள் பெரும்பாலானவை 16 முதல் 19 வரையிலான நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 1851 இல் இலாங்குசுத்ரோத்து சட்டங்களைத் தனித்தனியே எடுக்கத்தக்க பெட்டியை வடிவமைத்த பின்னர் அம்மாடங்கள் படிப்படியாகப் பயனிழந்தன. பூந்தொட்டி வைக்கும் இடமாயின, சில இடிக்கப்பட்டன. ஆனால் 1952 முதல் அவற்றுக்கென ஒரு பதிவேடு தொடங்கப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அளவு, திசை, கட்டுமானப் பொருள் ஆகியவற்றுடன் குறிக்கப்பட்டன. இதனைச் செய்தது அரசின் தொல்லியல் துறையன்று. தேனீ ஆய்வில் ஈடுபாடுகொண்ட ஓர் அமைப்பும், அதற்குச் செய்தி அனுப்பிய எளிய ஊர்மக்களுமே என்பது கருதத்தக்கது. சுலோவேனியாவில் தேனீக் கூடுகளை இழுப்பறை போல அடுக்கி வைக்கும் மரக்கொட்டகையும், அக்கூடுகளின் முகப்புப் பலகையில் தீட்டப்பெற்ற நாட்டுப்புற ஓவியமும் ஆய்வுப்பொருள்களாயின. அந்நாட்டின் தேனீ வளர்ப்பு மரபு 2022 இல் யுனெசுகோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

அவர்கள் பெரியவர்கள், நாம் சிறியவர்கள் என்று காட்டுவதற்காக இவற்றை இங்கு எடுத்துரைக்கவில்லை. தோட்டச் சுவரின் ஓர் அடி ஆழக் குழியும் ஆய்வுக்குரியது என்று ஒரு சமூகம் கருதியது; நாம் அவ்வாறு கருதவில்லை என்பதே வேறுபாடு.

தனிக்கட்டடம் ஏன் எழவில்லை?

தென்னாட்டில் தேனீக்கெனத் தனிக்கட்டடம் பெருவழக்காக இருந்ததாகக் கூற நான் முன்வரவில்லை. ஆனால் அக்கட்டடம் இல்லாமை அறிவின் இன்மையைக் காட்டுமா என்பதே வினா.

கட்டடம் தேவையிலிருந்து எழுவது. இங்கிலாந்தில் தேனீயின் பகை குளிரும் ஈரமும். ஆகவே மாடம் எழுந்தது. காசுமீரத்திலும் குமாவுனிலும் பனிக்காலத்தைத் தாங்கத் தடித்த சுவரின் வெப்பம் வேண்டியிருந்தது. ஆகவே வீட்டுச்சுவரே கூடாயிற்று. தென்னாட்டில் தேனீயின் பகை எறும்பும், மெழுகுப்பூச்சியும், கடும்வெயிலும், பூவற்ற பருவமுமே. இவற்றுக்கு மாடம் மருந்தாகாது. இறவாரத்தின் நிழலும், எறும்பு ஏறாத உயரமும், காற்றோட்டமும் இருந்தால் போதும். மேலும் இந்தியத் தேனீ இடம் பெயரும் இயல்பு மிக்கது. எறும்பு தொல்லை தந்தாலும், வெப்பம் மிகுந்தாலும், பூ வறண்டாலும் கூட்டைக் கைவிட்டு முழுக் குடியுமாகப் பறந்துவிடும். நாளை போய்விடக்கூடிய குடிக்காக இன்று கல்லும் சுண்ணமும் செலவிட்டுக் கட்டடம் எழுப்புவோர் யார்? செலவற்ற பழம்பானையே அத்தேனீயின் இயல்புக்கு ஏற்ற கட்டடம். பானையில் குடியேற்றித் தேன் பெறும் வழக்கம் தென்னிந்தியாவில் இருந்ததைத் தேனீ வளர்ப்பு நூல்களே குறிப்பிடுகின்றன. அந்நூல்கள் அதனை 'அறிவியல் முறைக்கு முந்தையது' என்று ஒரு தொடரில் கூறிக் கடந்துவிடுகின்றன. வேளாண் நூலுக்கு அது பொருந்தும். பண்பாட்டு ஆய்வு தொடங்க வேண்டிய இடமோ அந்த ஒரு தொடர்தான்.

ஆகவே தேனீ இல்லத்தைத் தேடுவோர் தனித்து நிற்கும் கட்டடத்தைத் தேடலாகாது. வீட்டின் பின்சுவர், மாட்டுக்கொட்டகையின் குறுக்குவிட்டம், தானியக்குதிரின் அடி, கூரையின் இறவாரம் ஆகியவற்றில் தேட வேண்டும். அங்கே நம் ஆய்வாளர் எவரும் எட்டிப்பார்ப்பதில்லை.

'கொடை' என்னும் கருத்து

தேனீ வளர்ப்பு மேலைநாட்டார் கொடை என்போர் இரண்டு செய்திகளை முன்வைப்பர். 1911 முதல் 1917 வரை அருட்தந்தை நியூட்டன் தென்னிந்திய ஊரகத்தாருக்குப் பயிற்சியளித்து, தம் பெயரால் வழங்கும் பெட்டியை அறிமுகப்படுத்தினார் என்பது ஒன்று. 1920 களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் இசுபென்சர் ஆட்சு நடத்திய ஊரக மறுமலர்ச்சிப் பணியில் தேனீ வளர்ப்பு சிறப்பிடம் பெற்றது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை, நன்றியுடன் நினைக்கத்தக்கவை. மார்த்தாண்டத்துத் தேன் இன்றளவும் பெயர் பெற்று விளங்குவது அவ்வுழைப்பின் பயனே.

ஆயினும் அவர்கள் தந்தது எது என்பதை நுணுகி நோக்க வேண்டும். அவர்கள் தந்தது பெட்டி. அதாவது அடையை அழிக்காமல் சட்டத்தோடு வெளியே எடுத்து, தேனைப் பிரித்தபின் மீண்டும் வைக்கும் முறை. அவர்கள் தேனீயைத் தரவில்லை. நியூட்டன் பெட்டி இலாங்குசுத்ரோத்தின் பெட்டியினும் சிறியது. மேலைத் தேனீயினும் உருவிலும் குடியின் அளவிலும் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்பவே அது அளவெடுக்கப்பட்டது. அப்பெட்டியில் குடியேற்றத் தேனீ எங்கிருந்து வந்தது? மரப்பொந்திலிருந்தும் சுவர்ப்பிளவிலிருந்தும் பானையிலிருந்தும் வந்தது. எந்தப் பொந்தில் குடி இருக்கிறது, அதனை எப்பொழுது கலைத்தால் பிழைக்கும், எவ்வளவு புகை போதும் என்பன அறிந்தோர் ஊரில் இருந்தனர். பெட்டியைத் தந்தவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. பொந்திலிருந்து குடியை இறக்கித் தந்தவர் பெயர் எங்கும் இல்லை. கொடுத்தவரை மட்டும் எழுதிவிட்டுப் பெற்றவரை வெறுங்கையராகக் காட்டும் வரலாறு பாதி வரலாறே.

1991, 1992 ஆம் ஆண்டுகளில் தாய் புழுப்பை நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவி, பெட்டிகளில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் குடிகளின் பெரும்பகுதியை அழித்தது. பெட்டிகள் வெறுமையாய்க் கிடந்தன. பின்னர் மெல்ல மீண்ட குடிகளுள் பல, மனிதர் கைபடாத பொந்துகளிலும் சுவர்களிலும் எஞ்சியிருந்தவற்றின் வழிவந்தவை என்று கருத இடமுண்டு. நாம் 'முந்தையது' என்று ஒதுக்கிய இடங்களின் மதிப்பை அந்நோய் உணர்த்தியிருக்க வேண்டும்.

கோலார் தங்கவயலின் பின்கட்டு

இனி, இவ்வினாவை நான் எழுப்பும் இடத்திற்கு வருகிறேன். கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. 1880 இல் சான் டெய்லர் குழுமம் சுரங்கப்பணியைத் தொடங்கியதும், 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக ஆழ்ந்து சென்றதும், 2001 பிப்ரவரி 28 இல் சுரங்கங்கள் மூடப்பட்டதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அண்மைக் காலத்தில் திரைப்படங்களும் இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. மரபுச் சின்னம் என்று பேசப்படும்போது சுரங்க வாயின் இரும்புக் கோபுரமும், வெள்ளை அலுவலர் வாழ்ந்த பங்களாக்களும், அவர்தம் மன்றமும் குறிப்பிடப்படுகின்றன. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் வந்து பூமிக்கடியில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகள் பேசப்பட்டாலும், அவற்றின் பின்கட்டு பேசப்படுவதில்லை.

லைன் வீடு தொழிலாளி கட்டியதன்று. குழுமம் அளந்து, குழுமம் கட்டி, குழுமம் எண்ணிட்டுத் தந்தது. அவ்வீட்டின் நீளமும் அகலமும் வாயிலின் திசையும் அவர்களைக் கேட்டு முடிவு செய்யப்பட்டவையல்ல. ஆனால் வீட்டின் பின்புறம் தகரமும் மூங்கில் தட்டியும் மண்ணும் கொண்டு அவர்கள் தாமாகவே எழுப்பியவை உண்டு. ஆட்டுப்பட்டி, கோழிக்கூண்டு, விறகுச் சாய்ப்பு, குளியல் மறைப்பு ஆகியவை அவை. பிறந்த ஊரிலிருந்து நினைவில் சுமந்து வந்த கட்டுமான அறிவு வெளிப்பட்ட ஒரே இடம் அதுவே. தங்கவயல் தொழிலாளரின் கட்டடக்கலையை அறிய விரும்புவோர் வீட்டின் முகப்பைப் பார்த்துப் பயனில்லை. அது குழுமத்தின் கட்டடக்கலை. பின்கட்டைப் பார்க்க வேண்டும்.

என் பாட்டி வாழ்ந்த லைன் வீட்டின் பின்சுவரில், விறகுச் சாய்ப்பின் கூரைக்குக் கீழே, ஒரு பானை கிடைமட்டமாகப் பதிக்கப்பட்டிருந்தது. அதன் வாய் உட்பக்கம் நோக்கிப் பலகையால் மூடி மண் பூசப்பட்டிருக்கும். அடிப்பகுதி வெளிப்பக்கம், அதில் சுண்டுவிரல் நுழையும் துளை ஒன்று. புளியும் புங்கும் பூக்கும் காலத்தில் அதில் ஈ வந்து அடையும். பாட்டி அதனை 'வளர்க்கிறேன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'குடி வந்திருக்கு' என்றே சொல்வார். அடையில் பாதியை மட்டும் எடுப்பார். ஏன் என்று கேட்டதற்கு, 'மீதி அதுங்க பங்கு' என்றார். நான் முதுகலை படிக்கச் சென்றிருந்த ஆண்டில் சாய்ப்புப் பிரிக்கப்பட்டது, பானையும் உடைந்தது. அதன் அளவை நான் எடுக்கவில்லை. அப்பொழுது அதனை ஆய்வுப்பொருள் என்று எனக்கு எவரும் கற்பிக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒரு வீட்டின் ஒரு பானையைக் கொண்டு தங்கவயலில் இவ்வழக்கம் பரவியிருந்தது என்று நான் நிறுவ வரவில்லை. அது சான்றன்று, ஒரு வினாவின் தொடக்கமே. வெளிப்பக்கம் துளை, உட்பக்கம் மூடி என்னும் அமைப்பு தெல் ரெகோவின் உருளைக்கும் காசுமீரத்துச் சுவருக்கும் உரியது. எழுத்தறியாத ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி அவற்றை நூலிற் கண்டு கற்றிருக்க முடியாது. வட ஆற்காட்டின் ஏதோ ஓர் ஊரிலிருந்து அவ்வறிவு வந்ததா? அருகிலுள்ள தெலுங்கு, கன்னட ஊரார் வீடுகளில் கண்டதா? தாமே பட்டறிந்ததா? இவ்வினாக்களுக்கு விடை கூறியிருக்கக்கூடிய தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. சுரங்கம் மூடிய பின் அடுத்த தலைமுறை விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறது. பின்கட்டுகள் சிமெந்துத் தளங்களாக மாறிவருகின்றன.

எதிர்வாதங்களும் மறுமொழியும்

இப்பொருளில் ஆய்வுத்திட்டம் ஒன்றை வகுத்து நிதிக்காக அனுப்பியபோது, மதிப்பீட்டாளர் ஒருவர் இது தமிழ் ஆய்வன்று, வேளாண் அறிவியல் என்று எழுதித் திருப்பிவிட்டார். அவர் தனி மனிதராகப் பேசவில்லை. நம் துறையின் பொதுக்கருத்தையே எழுதினார். ஆதலால் அக்கருத்துக்கு மறுமொழி கூறுவது கடமையாகிறது.

பின்கட்டும் பானையும் இலக்கியமல்ல என்பது முதல் எதிர்வாதம். இலக்கியமல்ல என்பது மெய்யே. ஆனால் குறிஞ்சிக் கருப்பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர் மலைத்தேனீக்கும் அடுக்குத்தேனீக்கும் வேறுபாடு அறியாதவராயின், அவர் கற்பிக்கும் பாடலின் பொருளே பிழைபடும் என்பதை மேலே கண்டோம். நா. வானமாமலை நாட்டார் வழக்காற்றைத் தமிழாய்வின் உள்ளே கொணர்ந்தபோதும் இதே எதிர்வாதம் எழுந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்து 1982 இல் அகராதியாக்கியபோது, அப்பணியை ஒரு படைப்பாளி செய்தார். நம் துறைகள் செய்யவில்லை. உப்பும் உணவும் உடையும் பண்பாட்டு வரலாற்றின் வாயில்கள் என்பதைத் தொ. பரமசிவன் தம் எழுத்துகளால் காட்டிச்சென்றார். அவரை மேற்கோள் காட்டாத கருத்தரங்கில்லை. அவர் சென்ற வழியில் நடப்போரோ சிலரே.

இதற்குத் தொன்மை இல்லை என்பது இரண்டாம் எதிர்வாதம். தொன்மையே ஆய்வுத் தகுதிக்கு அளவுகோல் என்றால் இருபதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் வாழ்வு முழுவதுமே தகுதியற்றதாகிவிடும். மேலும் தொன்மையின்மை என்பதே தேடாமையின் முடிவாக இருக்கலாம். இதற்குத் தங்கவயலே சான்று. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. ஆயினும் அயோத்திதாசர் சிந்தனைகள் 1999 இல் ஞான. அலாய்சியசின் முயற்சியால் தொகுதிகளாக வெளிவரும் வரை, தமிழ்த்துறைகளுள் பெரும்பாலானவற்றுக்கு அவர் பெயரளவில்கூட அறிமுகமாகவில்லை. நூல்கள் இல்லாமலில்லை, நாம் தேடவில்லை. அச்சிட்ட நூலுக்கே இந்நிலை என்றால் மண்பானையின் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

எண்ணிக்கையில் சிலவே கிடைக்கும் என்பது மூன்றாம் எதிர்வாதம். சிலவே கிடைக்கலாம்; ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். தேடியபின் இல்லை என்று கூறுவது ஆய்வு. தேடாமலே இல்லை என்று கூறுவது மடமை. இவ்விரண்டையும் வேறுபடுத்தவே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

செய்யத்தக்கன

குறை கூறி விடுவதோடு அமையாமல் சிலவற்றை முன்மொழிகிறேன். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை.

முதலாவது, தமிழ்த்துறைகள் முதுகலை மாணவரின் களப்பணியில் வீட்டின் பின்கட்டை ஓர் அலகாகச் சேர்க்கலாம். ஜவ்வாது மலை, கொல்லிமலை, கன்னியாகுமரி மாவட்டம், நீலகிரி, தங்கவயல் என ஒவ்வொரு துறையும் தனக்கு அண்மையிலுள்ள பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒவ்வோர் இடத்திலும் ஆறு செய்திகள் பதியப்பட வேண்டும். இடம், நோக்கும் திசை, அளவு, செய்பொருள், அதனைச் செய்தவரின் ஊர்வழி, அதன் உறுப்புகளுக்கும் செயல்களுக்கும் வழங்கும் சொற்கள் ஆகியவை அவை. முதல் ஐந்தையும் கட்டடக்கலை மாணவர் ஒருவர் பதிந்துவிடலாம். ஆறாவதைப் பதியத் தமிழ் மாணவரால்தான் இயலும். 'குடி வந்திருக்கு' என்பதற்கும் 'வளர்க்கிறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு, உயிர்களோடு மனிதர் கொண்ட உறவைப் பற்றிய இருவேறு பார்வைகளின் வேறுபாடு. அதனைச் செவியால் கேட்டு எழுதுவது நம் தொழில்.

மூன்றாவது, தங்கவயல் போன்ற தமிழகத்துக்கு வெளியிலுள்ள தமிழ்க் குடியிருப்புகளை ஆய்வு எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். பிறந்த ஊரில் மறைந்துவிட்ட வழக்கம் பெயர்ந்து சென்றவரிடம் எஞ்சியிருத்தல் மொழியியலார் நன்கறிந்த உண்மை. சொல்லுக்குப் பொருந்துவது பொருளுக்கும் பொருந்தக்கூடும்.

நான்காவது, கிடைப்பவற்றைத் தமிழிலேயே ஒரு பொதுப் பதிவேடாகத் தொகுத்து, ஊரார் அனுப்பும் செய்திக்கும் அதில் இடம் தர வேண்டும். 1952 இல் வேறொரு நாட்டில் தன்னார்வலர் செய்ததைப் பல்கலைக்கழகங்கள் நிறைந்த நம் நாட்டில் செய்ய இயலாது என்று கூற நமக்கு நாணம் வேண்டும்.

முடிவுரை

சங்கத் தமிழர் தேனீ வளர்த்தனர் என்பதற்குச் சான்றில்லை. தேனீயோடு வாழும் அறிவை மேலைநாட்டாரே தந்தனர் என்பதற்கும் சான்றில்லை. முதற்கூற்று இலக்கியத்தை மீறுகிறது. இரண்டாவது களத்தை மறுக்கிறது. இரண்டுக்கும் இடையே, பானையின் வாயை உட்பக்கம் திருப்பிப் பதித்து, பாதி அடையை மட்டும் எடுத்து, மீதியைத் தேனீயின் பங்கென்று விட்ட எளிய மக்கள் இருந்திருக்கின்றனர். அவர்கள் எத்துணைப் பேர், எங்கெங்கு வாழ்ந்தனர், அவ்வறிவை எவரிடம் கற்றனர் என்பன இன்னும் ஓரளவு கேட்டறியக்கூடியவை. பத்தாண்டுகள் கழித்து அவ்வாறிரா.

தங்கவயலில் நூற்றிருபது ஆண்டுகள் பொன்னை எடுத்தவர், எடுத்து முடித்தபின் சயனைட்டு மண்மேடுகளை விட்டுச்சென்றனர். அம்மேட்டின் நிழலில் வாழ்ந்த ஒரு மூதாட்டி, எடுக்கும்போதே பாதியை விட்டுவைத்தார். முன்னதற்கு ஆவணங்கள் அறை அறையாக இருக்கின்றன. பின்னதற்கு ஒரு பக்கமேனும் எழுதுவது தமிழ்த்துறையின் கடன்.